கூட்டமே நடத்தாமல் அடுக்குமாடிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி: செல்லுமா?

வாசகர் கேள்வி, அக்டோபர் 26, 2025

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஏரிக்கரையை ஒட்டிப் பெரிய அடுக்குமாடி வருகிறது. ஆயிரம் வீடு என்கிறார்கள். சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிவிட்டதாக வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். ஆனால் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கவே இல்லை. கூட்டம் நடத்தாமல் கொடுத்த அனுமதி செல்லாது, வழக்குப் போட்டால் வேலை உடனே நின்றுவிடும் என்று எங்கள் சங்கத்தில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். சரிதானா சார்?

அக்டோபர் 26, இரவு

சரியில்லை. கூட்டம் நடக்கவில்லை என்ற ஒரே காரணத்தை நம்பி வழக்குக்குப் போகாதீர்கள், நிற்காது. மத்திய அரசின் 2006 செப்டம்பர் 14 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் இன்றுவரை அடிப்படை. அதன் அட்டவணையில் 8-ஆவது இனம் கட்டிடங்களும் நகரியங்களும். அந்த இனத்துக்கே மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள்.

கணக்கு இப்படிப் போகும். கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டருக்குக் கீழே இருந்தால் சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லை. 20,000 முதல் 1,50,000 வரை 8(அ). இதற்கு முழு மதிப்பீட்டு அறிக்கைகூடக் கேட்பதில்லை. படிவம் 1, படிவம் 1அ, கருத்துரு வரைபடம் இவ்வளவு போதும். 1,50,000-க்கு மேல் போனாலோ நிலம் 50 ஹெக்டேரைத் தொட்டாலோ 8(ஆ). அதற்கு அறிக்கை உண்டு, கூட்டம் அப்போதும் கிடையாது. ஆயிரம் வீடு என்றால் உங்கள் ஊர் திட்டம் 8(அ)-வில்தான் வரும் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 27

கூட்டம் இல்லை என்பது அநியாயமாகப் படுவது எனக்குப் புரிகிறது. எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஒரு சிறிய ரசாயன ஆலைக்கு ஊரைக் கூட்டிக் கேட்கிறார்கள். ஐயாயிரம் பேர் புதிதாகக் குடியேறும் வளாகத்துக்குக் கேட்பதில்லை. ஒரு பேரூராட்சியின் பாதி ஜனம் ஒரே இடத்தில் வந்து இறங்குகிறது. தண்ணீர், கழிவுநீர், குப்பை, மழைநீர் நான்கும் பக்கத்துத் தெருவைத்தான் தொடும். அந்தத் தெருக்காரரின் வாய்க்கு மட்டும் இடமில்லை.

ஆனால் கூட்டம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பாதீர்கள். நான் பல கூட்டங்களில் நின்றிருக்கிறேன், அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். சட்டப்படி 30 நாள் முன்னறிவிப்பு, ஆட்சியர் அல்லது அவர் சார்பில் கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர் தலைமை, வீடியோப் பதிவு, முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசிக்க வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற விதி இல்லை. பத்துப் பேர் வந்தாலும் நடந்ததுதான். ஊர் மொத்தமும் எதிர்த்தாலும் அது வாக்கெடுப்பு அல்ல. எழுந்த கேள்விகளுக்கு நிறுவனம் பதில் எழுதி அறிக்கையில் சேர்த்தால் போதும். அந்தப் பதில்கள் பெரும்பாலும் ஒரே வரி: "குறித்துக்கொள்ளப்பட்டது, உரிய நடவடிக்கை எடுக்கப்படும்."

அக்டோபர் 29

தனிச்செய்தியில் ஒருவர், "நீங்கள் எந்தப் பக்கம் வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். இங்கேயே சொல்லிவிடுகிறேன். படிப்பு முடிந்த புதிதில் ஓர் ஆய்வுக்கூடத்தின் களப்பிரிவில் இருந்தேன். மதிப்பீட்டு அறிக்கை எழுதும் ஆலோசனை நிறுவனங்களுக்குக் காற்று, தண்ணீர், இரைச்சல் அளந்து தரும் வேலை.

தூசி அளக்கும் கருவி ஆள் உயரத்துக்கு இருக்கும். பஞ்சாயத்து அலுவலகக் கூரையிலோ பள்ளிக்கூட மொட்டைமாடியிலோ கயிறு கட்டி ஏற்றுவோம். உள்ளே வெள்ளை வெளேரென்று கண்ணாடி இழைத் தாள். 24 மணி நேரம் காற்றை இழுத்த பிறகு எடுத்தால் சாம்பல் நிறமாகியிருக்கும். செங்கல் சூளைப் பக்கமென்றால் காவி படர்ந்திருக்கும். முன்னும் பின்னும் எடைபோட்டு வித்தியாசத்தைப் பார்ப்பதுதான் அளவு. வாரம் இரண்டு நாள், பன்னிரண்டு வாரம். நடுவில் கரண்ட் போனால் அந்த நாள் வீண். வீட்டு மாடி என்றால் கரண்ட் பில்லை யார் கட்டுவது என்ற பஞ்சாயத்து வேறு.

இதைச் சொல்லக் காரணம், அந்த எண்களை நாங்கள் ஒழுங்காகத்தான் எடுத்தோம். அறிக்கையில் காற்றும் தண்ணீரும் எங்கள் அட்டவணைப்படியே அச்சாகியிருந்தன. ஆனால் அதே அறிக்கையின் பறவைப் பட்டியலைப் பார்த்தபோது காகம், மைனா, புறா, கொக்கு, அவ்வளவுதான். அந்த ஏரியில் நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாக நிற்பதையும் பாம்புத்தாராக்கள் பட்டுப்போன மரத்தில் சிறகு விரித்துக் காய்வதையும் கருவி காவலுக்கு உட்கார்ந்த நான் தினம் பார்த்திருக்கிறேன். பறவை பார்க்க யாரும் வரவில்லை. பட்டியல் வேறு ஏதோ அறிக்கையிலிருந்து வந்திருக்கிறது. மேலே கேட்டேன். "அதை யார் படிக்கப்போகிறார்கள்" என்றார்கள். வேலையை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

அக்டோபர் 29, சற்றுப் பிறகு

நகல் விஷயத்தில் இந்திய அளவில் பெயர் வாங்கியது மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டத்தில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்காக எழுதப்பட்ட அறிக்கை. அங்கே பறவைகளின் வாழிடம் ஸ்புரூஸ், பிர்ச் மரக்காடுகள் என்று எழுதியிருந்தது. கொங்கணக் கரையில் பிர்ச் மரம் ஏது? ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து பத்தி பத்தியாக எடுத்திருந்தது பிறகு தெரிந்தது.

இது ஒரு தனி ஆளின் சோம்பல் அல்ல. அறிக்கை எழுதுபவரைத் தேர்ந்தெடுப்பதும் சம்பளம் கொடுப்பதும் திட்டம் போடுபவர். ஆலோசனை நிறுவனத்துக்கு அங்கீகாரம் வேண்டும் என்று விதி வந்துவிட்டது, நல்லதுதான். காசு வரும் பை மாறவில்லை. "இந்த இடத்தில் கட்டக்கூடாது" என்று எழுதும் நிறுவனத்துக்கு அடுத்த வேலை யார் கொடுப்பார்கள்? கட்டணத்தை அரசிடம் கட்டி, ஆளை அரசு ஒதுக்கும் முறை வரவேண்டும். அதுவரை அறிக்கையின் கடைசி அத்தியாயத்தை முதலில் படியுங்கள். யார் யார் எந்தப் பகுதியை எழுதினார்கள் என்ற விவரம் அங்கேதான் இருக்கும். சூழலியல் பகுதிக்கு யார் பெயர் என்று பாருங்கள்.

நவம்பர் 1

கேள்வி கேட்டவருக்கு இப்போது செய்யவேண்டிய வேலை சொல்கிறேன்.

அனுமதி விண்ணப்பங்கள் பதிவாகும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்துக்குப் போங்கள். தமிழ்நாட்டு விண்ணப்பங்களின் எண் எஸ்ஐஏ/டிஎன் என்று தொடங்கும். வாசல் பலகையிலேயே அந்த எண்ணோ கடித எண்ணோ இருக்கும். படிவம் 1-ஐ இறக்கிக்கொள்ளுங்கள். சலிப்பான படிவம், ஆம்/இல்லை என்று நீளமாகப் போகும். ஆனால் மொத்த மதிப்பீட்டின் தலையெழுத்தும் அங்கேதான் எழுதப்படுகிறது. அருகில் நீர்நிலை உண்டா, நிலத்தின் மட்டம் மாறுமா, நீரோட்டம் தடைப்படுமா என்று நேரடியாகக் கேட்கிறது. "இல்லை" என்று எழுதிவிட்டால் அதைப் பற்றிப் பிறகு யாரும் ஆராய மாட்டார்கள். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் வல்லுநர் குழுவும் அந்தத் தாளை வைத்துத்தான் பேசும்.

கோவாவின் மோபா விமான நிலைய வழக்கு இதற்கு நல்ல சான்று. சுற்றியிருந்த காடுகளையும் சூழல் முக்கியத்துவம் உள்ள இடங்களையும் படிவம் 1-இல் ஒழுங்காகக் காட்டவில்லை என்று 2019 மார்ச் 29-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அனுமதியை நிறுத்திவைத்தது. தவறான தகவலில் தொடங்கிய மதிப்பீடு முழுவதுமே பழுது என்பதுதான் சாரம். 2020 ஜனவரியில் கூடுதல் நிபந்தனைகளோடு தடை நீங்கியது, 2022 டிசம்பரில் விமான நிலையத்தைத் திறந்துவிட்டார்கள். அது வேறு கதை. ஆனால் படிவத்தில் மறைத்தால் அது சின்ன விஷயமல்ல என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்னது நமக்குக் கிடைத்த பிடிமானம்.

அப்புறம், படிவத்தில் உள்ள சர்வே எண்களை எழுதிக்கொண்டு அ-பதிவேடும் (நிலம் யாருடையது, என்ன வகை என்ற பதிவு) புலப்படமும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) எடுங்கள். அரசின் இணையவழிச் சேவையிலேயே கிடைக்கும். வாய்க்கால் புறம்போக்கு, வண்டிப்பாதை, ஏரி உள்வாய் என்று எது அந்த எண்களுக்கு நடுவில் ஓடுகிறது என்று பாருங்கள். முடிந்தால் ஊரில் ஏரித் தண்ணீரைப் பங்கிட்டுவிடும் பழைய நீர்க்கட்டியாக இருந்தவர் குடும்பத்தில் யாரையாவது அழைத்துக்கொண்டு போங்கள். ஏரி நிறைந்து கலங்கலில் வழிந்த தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று அவர் கையை நீட்டிக் காட்டுவார். எந்த அறிக்கையிலும் அது இருக்காது.

நவம்பர் 2

"இப்படியே போனால் வீடே கட்ட முடியாது, நீங்களெல்லாம் வளர்ச்சிக்கு எதிரிகள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் அடுக்குமாடியில்தான் இருக்கிறேன். ஊருக்கு வருகிறவர்களுக்கு வீடு வேண்டும், அதில் சண்டையே இல்லை. எங்கே, எவ்வளவு, தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகும் என்ற மூன்றையும் கட்டும் முன்னால் கேட்கச் சொல்கிறேன். பள்ளிக்கரணையைப் பாருங்கள். 1960-களில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் விரிந்திருந்த சதுப்பு, இன்று அதில் ஒரு சிறு பங்கு. அங்கே பல கட்டிடங்கள் தனித்தனியாக அனுமதி வாங்கியே வந்தன. 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் உள்ள சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகும் எல்லை எது என்று தரையில் அளந்து முடிக்காமலேயே அனுமதிகள் போய்க்கொண்டிருந்தன. இந்த செப்டம்பரில், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அளந்து முடியும்வரை ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் புது அனுமதி கூடாது என்று சொல்லவேண்டி வந்தது.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் "தாக்கம் குறைவு". சேர்த்துப் பார்க்கும் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

நவம்பர் 5

பருவம் பற்றி ஒரு குறிப்பு, களவேலையில் என் மனதை அரித்த விஷயம்.

அடிப்படைத் தரவு மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்துக்கு இருந்தால் போதும் என்பது நடைமுறை. டில்லியில் மழைக்காலம் என்றால் ஜூன் முதல் செப்டம்பர். நமக்கு அக்டோபரில்தான் தொடங்குகிறது. நான் இருந்தவரை பெரும்பாலும் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில்தான் அளக்க அனுப்புவார்கள். கருவி நனையாது, வண்டி போகும். அந்த மாதங்களில் நம் ஏரி எப்படி இருக்கும்? வெடித்த களிமண், சீமைக்கருவேலம், நடுவில் பையன்கள் கிரிக்கெட். ஒளிப்படம் எடுத்து "தரிசு நிலம்" என்று எழுதினால் பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது. நவம்பரில் அதே இடத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்.

சென்னையைச் சுற்றிய எந்தத் திட்டமானாலும் வடகிழக்குப் பருவமழையில் ஒரு சுற்று அளக்காமல் அறிக்கை ஏற்கக்கூடாது. இதை அனுமதி தரும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையமே தன் நிபந்தனையாகப் போடலாம், டில்லியைக் கேட்க வேண்டியதில்லை.

நவம்பர் 8

மேலே 8(அ) பற்றி எழுதியதைப் படித்த தேனிக்காரர் ஒருவர் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தை நினைவூட்டினார். சரியான உதாரணம், எனக்குத் தோன்றாமல் போயிற்று.

பொட்டிப்புரத்தில் மலைக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, அடியில் 50,000 டன் காந்தக் கருவி வைக்கும் திட்டம். 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் முந்தைய அனுமதியை நிறுத்தியது. அறிக்கை தயாரித்த அமைப்புக்கு அங்கீகாரம் இல்லை என்பது ஒரு காரணம். மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, ஆகவே இது மத்திய அரசு பார்க்கவேண்டிய 'அ' பிரிவு என்று நம் மாநில வல்லுநர் குழு சொன்னது. பிறகு என்ன நடந்தது? 2018 மார்ச்சில் மத்திய அமைச்சகம் எடுத்துக்கொண்டது, ஆனால் 8(அ) இனத்தில் வைத்து. அதாவது கட்டிடம். மலையைக் குடையும் திட்டமும் உங்கள் தெருவுக்குப் பின்னால் வரும் அடுக்குமாடியும் ஒரே பெட்டி. ஆகவே கருத்துக்கேட்பும் இல்லை.

திட்டம் வேண்டும் வேண்டாம் என்பது இன்னொரு விவாதம், அறிவியல் ஆர்வலர்கள் கோபிக்க வேண்டாம். எந்தப் பெட்டியில் போடுகிறார்கள் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது என்பதைப் பாருங்கள்.

நவம்பர் 9

அதே வகைத் தந்திரம் சின்ன அளவிலும் உண்டு. 20,000-த்துக்குச் சற்றுக் கீழே ஒரு கட்டிடம், பக்கத்து மனையில் "வேறு உரிமையாளர்" பெயரில் இன்னொன்று, நடுவில் பொதுவான ஒரே சாலை, ஒரே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். இரண்டுக்கும் அனுமதி தேவைப்படாது. முன்பு அடித்தளத்தில் கார் நிறுத்தும் இடத்தைக் கணக்கில் விட்டுவிடுவார்கள். 2011 திருத்தத்தில் அடித்தளம், சேவைப் பகுதி உட்பட எல்லா மாடிகளும் சேரும் என்று தெளிவாக்கிவிட்டார்கள். பிரித்துக் காட்டுவது மட்டும் தொடர்கிறது.

நவம்பர் 12

கேள்வி கேட்டவர் அனுமதிக் கடிதத்தையும் படிவங்களையும் கண்டுபிடித்து அனுப்பியிருக்கிறார். நல்ல வேலை. 8(அ)-தான். அதில் எல்லாரும் தாண்டிப் போகும் ஒரு பக்கம் இருக்கிறது: தண்ணீர்ச் சமநிலை அட்டவணை. அதைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். எண்களை நான் உருட்டிப் போடுகிறேன்.

ஆயிரம் வீடு, வீட்டுக்கு ஐந்து பேர், தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். மொத்தம் 6.75 லட்சம் லிட்டர். குடிநீர் வாரிய இணைப்பு வரும் என்று எழுதியிருக்கும், வரும்வரை? 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் தினம் 56 லோடு. உங்கள் தெரு வழியாக. அந்த லாரி எந்த ஊர்க் கிணற்றில் ஏற்றுகிறது என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

இனி வெளியே போவது. பயன்படுத்தியதில் எண்பது சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்று வைத்தால் 5.4 லட்சம் லிட்டர். சுத்திகரித்துக் கழிப்பறைத் தொட்டிகளுக்கு அனுப்புவதாகச் சொல்கிறார்கள், அது தலைக்கு 45 லிட்டர் வீதம் 2.25 லட்சம். மிச்சம் மூன்று லட்சத்துக்கு மேல். அட்டவணையில் அதற்கு நேராக "பசுமைப் பகுதி, சாலையோர மரங்கள்" என்று எழுதியிருக்கிறது. வளாகத்தில் இருக்கிற புல்தரைக்கு மூன்று லட்சம் லிட்டர் ஊற்றினால் சேறாகிவிடும். மழைக்காலத்தில் புல்லுக்குத் தண்ணீரே வேண்டாம். அப்போது அது எங்கே போகும்? மழைநீர் வடிகாலுக்கு, அதிலிருந்து ஏரிக்கு. சுத்திகரித்ததோ சுத்திகரிக்காததோ, ராத்திரி இரண்டு மணிக்குத் திறந்துவிட்டால் யார் கண்டார்கள்.

உங்கள் சங்கம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: உபரி எங்கே?

நவம்பர் 20

முந்தாநாள் வந்த தீர்ப்பால் நிலைமை மாறியிருக்கிறது, பதிந்துவைக்கிறேன். "முதலில் கட்டிவிட்டுப் பிறகு அனுமதி வாங்கலாமா" என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார், போன வாரம் வரை பதில் சுலபம். இந்த ஆண்டு மே 16-இல் வனசக்தி என்ற அமைப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டிய பிறகு அனுமதி தர வழிவிட்ட 2017 அறிவிக்கையையும் 2021 நடைமுறையையும் ரத்து செய்திருந்தது. நவம்பர் 18-இல் மூவர் அமர்வு, இருவர் பெரும்பான்மையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மீண்டும் விசாரணை. ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய் பொதுப்பணத்தில் எழுந்த கட்டிடங்களை இடிக்கவேண்டி வரும் என்பது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. மே தீர்ப்பில் இருந்த நீதிபதி உஜ்ஜல் புயான் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

இடிப்பது வேதனை, மறுக்கவில்லை. 2020 ஜனவரியில் கொச்சி மரடில் நான்கு அடுக்குமாடி வளாகங்கள் தரைமட்டமானதை எல்லாரும் டிவியில் பார்த்தோம். அங்கே அது கடலோர விதி மீறல். சேமிப்பைக் கொட்டி வீடு வாங்கியவர்கள் தெருவில் நின்றார்கள். ஆனால் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு: முன்னால் கேட்காமல் விட்டால் பின்னால் தண்டனை அனுபவிப்பது தப்பு செய்யாதவர். கட்டி முடித்த பிறகு மதிப்பீடு செய்வதில் மதிப்பிட என்ன இருக்கிறது? வாய்க்கால் போய்விட்டது, மரம் போய்விட்டது. அபராதத் தொகை மட்டும்தான் மிச்சம். புது விசாரணையில் மே தீர்ப்பின் உணர்வு திரும்ப வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நவம்பர் 21

எட்டுவழிச் சாலையை ஏன் யாரும் பேசவில்லை என்று கேட்கிறார்கள். சென்னை–சேலம், 277 கிலோமீட்டர். அங்கே சண்டை வரிசை பற்றியது. நிலத்தைக் கல்நட்டு எடுத்த பிறகு சுற்றுச்சூழல் அனுமதியா, அனுமதிக்குப் பிறகு நிலமா? 2019 ஏப்ரல் 8-இல் சென்னை உயர் நீதிமன்றம் கையகப்படுத்தலை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம், நிலம் எடுக்கும் அறிவிப்புக்கு முன்பே அனுமதி இருந்தாக வேண்டும் என்பதில்லை என்றது. பரந்தூரிலும் இதே வரிசைதான். ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடுகிறார்கள். விமான நிலையம் எங்கே என்று முடிவான பிறகுதான் மதிப்பீடு தொடங்குகிறது. அறிக்கையில் "மாற்றுகள்" என்று ஓர் அத்தியாயம் கட்டாயம். இடம் முன்கூட்டியே முடிவான பிறகு அந்த அத்தியாயத்தில் என்ன எழுத முடியும்? அமெரிக்காவில் 1970 முதல் இருக்கும் சட்டத்தில், திட்டமே வேண்டாம் என்பதையும் ஒரு மாற்றாக வைத்து ஒப்பிட்டுக் காட்டவேண்டும். இங்கே அந்த வரி பெயருக்கு இருக்கும்.

இதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே அடுக்குமாடியை முடிப்போம்.

டிசம்பர் 4

டித்வா புயல் மழை கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. கேள்வி கேட்டவர் போட்ட படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது படம்தான் முக்கியம். வளாகத்தின் சுற்றுச்சுவருக்கு அடியில் இரண்டு ஹியூம் பைப் தெரிகிறது. புலப்படத்தில் அந்த இடத்தில் வாய்க்கால் இரட்டைக்கோடாக ஓடுகிறது. அகன்ற வாய்க்காலை இரண்டு பைப்புக்குள் நுழைத்திருக்கிறார்கள். ஒரு பைப்பின் வாயில் சிமெண்ட் சாக்கும் தெர்மாகோலும் அடைத்துக் கிடக்கின்றன. சுவருக்கு அந்தப் பக்கம் தரை காய்ந்திருக்கிறது, இந்தப் பக்கம் உங்கள் தெருவில் ஸ்கூட்டரின் பாதிச் சக்கரம் தண்ணீரில்.

நடந்தது இதுதான். வெள்ளம் சூழும் இடம் என்றால் நீர்வளத் துறை, மனையை இவ்வளவு உயரம் மேடாக்கினால் கட்டலாம் என்று தடையின்மைச் சான்று தரும். சவுடு மண்ணும் கட்டிட இடிபாடும் கொட்டி மேடாக்குவார்கள். மனைக்குள் வெள்ளம் வராது, உண்மை. முன்பு அங்கே நின்ற தண்ணீர்? ஐந்து ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏறத்தாழ இரண்டு ஹெக்டேர். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால் அந்த மனையில் மட்டும் விழுவது 20 லட்சம் லிட்டர். டேங்கர் கணக்கில் 160 லோடுக்கு மேல். இது மேலேயிருந்து விழுவது மட்டும். மேல்பக்கத்து நிலங்களிலிருந்து வாய்க்கால் கொண்டுவருவது தனி. மழைநீர் சேகரிப்புக் குழிகள் என்று படத்தில் வட்டம் வட்டமாகப் போட்டிருப்பார்கள். நிலத்தடி நீர் மட்டம் தரையைத் தொடும் நவம்பர் டிசம்பரில் அந்தக் குழி எதைக் குடிக்கும்?

மதிப்பீடு சுவருக்குள் நின்றுவிடுகிறது. தண்ணீருக்குச் சுவர் தெரியாது.

டிசம்பர் 4, இரவு

படிவம் 1-ஐ மறுபடி பார்த்தேன். இயற்கை வடிகால் மாறுமா என்ற கேள்விக்கு "இல்லை". வாய்க்கால் பற்றிய பேச்சே இல்லை. கருத்துரு வரைபடத்தில் அந்த இடம் "திறந்தவெளி ஒதுக்கீடு" என்று பச்சையாக வண்ணம் பூசியிருக்கிறது. சர்வே எண்ணையும் புலப்படத்தையும் அந்த வரைபடத்தின் மேல் ஒட்டிக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் யாருக்கும் புரியும். பக்கத்தில் மூன்றாவது படத்தையும் தேதியோடு வையுங்கள்.

டிசம்பர் 6

கெடு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு, பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு: தெரியவந்த நாளிலிருந்து 30 நாள், காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதற்கு மேல் தீர்ப்பாயம் நினைத்தாலும் ஏற்க முடியாது. அனுமதி கிடைத்த ஏழு நாளுக்குள் உள்ளூர் நாளிதழ்கள் இரண்டில் விளம்பரம் கொடுக்கவேண்டும் என்பது அனுமதிக் கடிதத்திலேயே உள்ள நிபந்தனை; இணையதளத்தில் ஏற்றியது, அந்த விளம்பரம் போன்றவற்றில் எது முதலில் வந்ததோ அந்தத் தேதியிலிருந்து எண்ணுவார்கள். உங்கள் அனுமதி போன ஆண்டே வந்தது. அந்தக் கதவு மூடிவிட்டது.

14-ஆவது பிரிவு திறந்திருக்கிறது. வாய்க்கால் அடைப்பு, நிபந்தனை மீறல் போன்றவற்றுக்குப் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், கூடுதலாக 60 நாள். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வழக்கறிஞர் இல்லாமல் நேரில் போய் வாதாடவும் முடியும், ஆனால் ஒருவரை வைத்துக்கொள்வதே நல்லது. தவறான தகவல் தந்து வாங்கிய அனுமதியை ரத்து செய்ய ஆணையத்துக்கே அதிகாரம் இருக்கிறது, 2006 அறிவிக்கையின் 8-ஆவது பத்தி. ஆகவே முதலில் அங்கே ஒரு மனு. பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

டிசம்பர் 7

அரையாண்டு அறிக்கையை எழுத விட்டுவிட்டேனே. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில், எந்த நிபந்தனையை எப்படி நிறைவேற்றினோம் என்று நிறுவனம் அறிக்கை தரவேண்டும். இந்த மாதத் தவணை இப்போதுதான் முடிந்திருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் சென்னையில் உள்ள மத்திய அமைச்சகத்தின் மண்டல அலுவலகத்துக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் தனித்தனியாக விண்ணப்பம் போட்டு நகல் கேளுங்கள். இரண்டு வகையான பதில் வரும்: ஒன்று, அறிக்கை வரவேயில்லை, அது மீறலுக்கு எழுத்துச் சான்று. இன்னொன்று, "நிறைவேற்றப்பட்டது" என்று வரிசையாக எழுதிய அட்டவணை. அதன் பக்கத்தில் உங்கள் படங்களை வைக்கலாம்.

டிசம்பர் 11

"நாங்கள் அந்த வளாகத்தில்தான் வீடு பதிவு செய்திருக்கிறோம், எங்களுக்கு எதிராகவே பேசுகிறீர்கள்" என்று ஒரு அம்மா வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். அம்மா, இந்த இழையை அதிகம் படிக்கவேண்டியவர் நீங்கள். எங்கள் வளாகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கட்டியவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றூதி ஒன்று முதலிலேயே ஓடவில்லை, தொட்டியும் கணக்கிட்ட அளவுக்குச் சிறியது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நோட்டீஸ் சங்கத்தின் பெயருக்கு வந்தது. பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்தித்தான் சரிசெய்தோம். ஒப்படைத்த பிறகு அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகள் எல்லாம் குடியிருப்பவர் தலையில் வந்து விழும். உபரி எங்கே என்ற கேள்வியைத் தெருக்காரர்கள் இன்று கேட்கிறார்கள், நீங்கள் மூன்று வருடம் கழித்துப் பதில் சொல்லவேண்டி வரும். பதிவு செய்தவர்கள் சேர்ந்து இப்போதே எழுதிக் கேளுங்கள். வாங்குகிறவர் கேட்டால் கட்டுகிறவர் காது கொடுப்பார்.

டிசம்பர் 15

தெருக்காரர்களும் வீடு பதிவு செய்தவர்கள் சிலரும் சேர்ந்து மனுப் போடுவதாக முடிவானது என்று செய்தி வந்தது. மனு வரைவைப் பார்த்தேன். "சுற்றுச்சூழல் சீரழிகிறது", "இயற்கை அழிகிறது" என்ற பத்திகளை எடுத்துவிடுங்கள். சர்வே எண், புலப்படம், படிவம் 1-இல் "இல்லை" என்று எழுதிய வரியின் எண், பைப் படம், தேதி. கோரிக்கை மூன்று மட்டும்: வாய்க்காலைப் பழைய அகலத்துக்குத் திறக்க வேண்டும், உபரிநீர் போகும் வழியை எழுத்தில் காட்ட வேண்டும், அதுவரை குடியேற அனுமதி தரக்கூடாது. வாய்க்காலின் அகலத்தை நீங்களே மனுவில் எழுதாதீர்கள். வட்டாட்சியர் அலுவலக நில அளவரை வைத்து அளக்க உத்தரவிடும்படி கேளுங்கள். சுவர் கட்டியவர் முன்னிலையில் அளந்தால் பிறகு யாரும் மறுக்க முடியாது.